இரண்டு போத்தல் தண்ணீர்

இடமாற்றக் கடிதத்தில்
வேலை தொடங்கும் திகதி இருந்தது.
எங்கே படுப்பது என்று இல்லை.
வவுனியாவிலிருந்து முதல் பஸ்.
ஹொரவப்பொத்தானை தாண்டும்வரை
ஆரணி என் மடியில் வாந்தி எடுத்தாள்,
பிறகு யானை வேலியின் கம்பங்களை
எண்ணத் தொடங்கினாள்.

தரகர் பேரின்பத்தின் கைவசம் இரண்டு வீடு.
ஒன்று அலஸ்தோட்டம். மற்றது பாலையூற்று.
"ரெண்டும் நல்ல இடம்தான் தங்கச்சி.
ஒண்டில காத்து, மற்றதில தண்ணி."
நான் நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்துக்காரி.
கைப்பையில் கழுவிக் காயவைத்த
ஜாம் போத்தல்கள் இரண்டு இருந்தன.

அலஸ்தோட்டத்து வீட்டுக்காரர் கனடாவில்.
திறப்பு பேரின்பத்தின் சட்டைப்பையில்.
மேல்மாடியில் ஒரு துண்டு பல்கனி,
அதில் நின்றால்
இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு சாண் கடல்.
ஒரு சாண்தான்.
ஆனாலும் பதினொரு வருடக் கலியாணத்தில்
எனக்கென்று யாரும் ஒதுக்கித் தராத அளவு.
அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு,
இரவு ஒன்பதுக்குப் பிறகு,
பிள்ளை தூங்கியபிறகு,
மனதுக்குள் ஒருமுறை
இருந்துகூடப் பார்த்துவிட்டேன்.

சந்தியில் ஒரு நீலப் பலகை:
ஓடும் மனிதன், துரத்தும் அலை, அம்புக்குறி.
"அவர் ஏன் தனிய ஓடுறார்?" என்றாள் ஆரணி.
"பிள்ளை எங்க?"
பேரின்பம் தொண்டையைச் செருமிக்கொண்டு
வாடகையைப் பற்றிப் பேசினார்.

அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாதம், ஒரு வருடம்.
நாலடிக்குச் சற்று மேலே
கோடுகள் நின்றுபோயிருந்தன.
கடைசி வருடத்தை வாசிக்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.
இரண்டாயிரத்துப் பதினேழு.
"கனடாவுக்குப் போயிட்டினம்,"
நான் கேட்காமலே சொன்னார் பேரின்பம்.

பாலையூற்றில்
பெனடிக்டா ரீச்சர் வீட்டின் பின்பாதி.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
எட்டரைக்குக் கேற் பூட்டுப்படும்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு மதில்,
மதிலுக்கு அப்பால் ஒரு கராஜ்,
தகரம் தட்டும் சத்தம்,
தட்டும் சத்தம்,
பின்னேரத் தேத்தண்ணிக்கு மட்டும் ஓய்வு.
மதிலின்மேல் மூன்று தலைகள் முளைத்தன.
"எத்தினையாம் வகுப்பு?" என்றது ஒன்று.
"மூண்டு."
"எங்கட ஓட்டோவில ஒரு இடம் இருக்கு."
கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன்.
ஆய்வுகூடம் தேவைப்படவில்லை.

பஸ் நிலையத்தில்
புள்ளிமான் ஒன்று காட்போட் பெட்டியை
சாவகாசமாக மென்றுகொண்டு நின்றது.
"எந்த வீட்டுக்கு மான் வரும்?"
"ரெண்டுக்கும் வராது."
கட்டாரிலிருந்து அவருடைய குரல்பதிவு:
நீ பார்த்துச் செய்.
பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

நான் வடையைப் பிய்த்துக்கொண்டே,
பக்கம் சாயாதவள்போல் கேட்டேன்.
"கடல் வீடு வேண்டாம்," என்றாள் அவள்.
"ஏன்?"
"அங்க ஏற்கெனவே ஒராள்
வளந்து முடிச்சிட்டார்."

அழித்துவிட்டுப் பெயின்ற் அடிக்கலாம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அந்த வீட்டுக் கிணறு உவர்.
பள்ளிக்கூடம் தூரம்.
எல்லாக் காரணமும் அவள் பக்கம்தான்.
என் பக்கம் ஒரு கதிரை,
அதுவும் இன்னும் வாங்காதது.

முற்பணம் பெனடிக்டா ரீச்சரிடம் போனது.

இப்போது கராஜ்காரர் தட்டுவதை நிறுத்தினால்
ஏதாவது நடந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்கிறேன்.
அலஸ்தோட்டத்துப் போத்தலை
யன்னல் கட்டில் மூடாமல் வைத்திருந்தேன்.
தண்ணீர் வற்ற வற்ற
கண்ணாடியில் வெள்ளை வளையங்கள்,
ஒன்றன்கீழ் ஒன்றாய்.
மாதம் எழுதாத கோடுகள்.

நேற்று ஆரணி அதை எடுத்துக் குழாயில் நிரப்பி,
பச்சை பூசிய தூரிகையைக் கழுவினாள்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேசையை நனைக்காதே
என்று மட்டும் சொன்னேன்.